பூட்டா, பூட்னா

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பூட்டா' என்றால் போய்விட்டாள் என்று அர்த்தம். 'பூட்னா' என்றால் பூட்டினாள். உத்திரமேரூரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதில் குழப்பம் வராது. ஆனால் பக்கத்தில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டிருக்க, இரண்டு காதிலும் தக்கையைச் செருகிக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினால் வரும். ஒருநாள் வந்தது. மாட்டிக்கொண்டது நான், வேலை போக இருந்தது இன்னொருத்திக்கு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் வாய் அப்படி.

நான் வேலை பார்த்தது வாலாஜாபாத்தைத் தாண்டி, கார் கதவுக்குத் தகடு செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில். கார் கதவின் உள்தகடு ஒரே தடிமனில் இருக்காது. கீல் மாட்டும் பக்கம் தடிப்பு, மற்ற இடமெல்லாம் மெலிசு. அதனால் தடித்த தகட்டையும் மெல்லிய தகட்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து லேசரால் ஒட்டுவோம். ஒட்டிய பிறகுதான் அது பிரஸ்ஸுக்குப் போய்க் கதவு வடிவம் எடுக்கும். ஒட்டு சரியில்லை என்றால் பிரஸ்ஸில் துணி கிழிவது போலக் கிழிந்துவிடும். கிழிந்தால் பிரஸ்காரன் எங்களைத் திட்டுவான், நாங்கள் தகடு அனுப்பியவனைத் திட்டுவோம்.

லேசர் இருக்கும் இடத்தை நாங்கள் பெட்டி என்போம். ஒரு சின்ன வீடு அளவுக்கு இரும்புத் தகட்டால் ஆன அறை. ஜன்னல் கிடையாது. ஊசி முனை அளவு ஓட்டைகூடக் கிடையாது, இருக்கவும் கூடாது. ஏனென்றால் அந்த லேசர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. பொறி தெறிப்பதுதான் தெரியும். வெளிச்சம் கண்ணில் பட்டது தெரிவதற்குள் கண் போய்விடும். பயிற்சியின்போது இதைச் சொன்னவர் மிகவும் சந்தோஷமாகச் சொன்னார்.

உள்ளே ஒரு ரோபோ கை. அதன் நுனியில் லேசர் தலை. தலைக்குக் கீழே ஒரு காப்புக் கண்ணாடி. பொறி தெறித்துத் தெறித்து அந்தக் கண்ணாடி அழுக்காகும். அழுக்கானால் ஒட்டு இளைக்கும். வெளியே வரும் தகட்டின் ஒட்டைப் பார்த்தே, கண்ணாடி மாற்றும் வேளை வந்துவிட்டதென்று சொல்லிவிடுவேன். மெஷின் சொல்வதற்கு முன்னால் நான் சொல்வேன். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, லைன் இன்சார்ஜே என்னைக் கேட்டுத்தான் கண்ணாடி எடுத்துக் கொடுப்பார். அதனாலேயே அந்தப் பெட்டி என் தலையில் கட்டப்பட்டது. வேறு லைனுக்கு மாற்றுங்கள் என்று இரண்டு வருடம் கேட்டேன். "உங்களை விட்டா அதுக்கு ஆள் இல்லைல்லா" என்றார், திருநெல்வேலிக்காரரான எங்கள் இன்சார்ஜ். நன்றாக வேலை செய்தால் நன்றாக மாட்டிக்கொள்வோம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போனால், சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் வானத்தைப் பார்ப்பேன். வெளியே மழை பெய்ததா என்று வீட்டுக்குப் போய்த்தான் கேட்பேன்.

பெட்டிக்குள் போவதற்கு ஒரு முறை உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தார்கள். பூட்டோடு தொங்கும் அட்டையில் நம் போட்டோ. உள்ளே போகிறவர் தன் பூட்டைக் கதவு வளையத்தில் மாட்டி அமுக்கிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும்வரை கதவு மூடாது, கதவு மூடாமல் லேசர் எரியாது. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொடக் கூடாது. ஆள் சாவியோடு தொலைந்தே போனாலும், பிளான்ட் ஹெட் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் பூட்டை வெட்ட வேண்டும். அடுத்தவர் பூட்டைக் கழற்றியவருக்கு அன்றோடு வேலை முடிந்தது. அதோடு விடவும் மாட்டார்கள். அந்தப் பக்கத்துக் கம்பெனி எதிலும் அவருக்கு வேலை கிடைக்காதபடி சொல்லி வைத்துவிடுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி இருந்தும் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? பூட்டை வளையத்தில் மாட்டுவோம், அமுக்க மாட்டோம். அமுக்கினால் வெளியே வந்து கையுறையைக் கழற்றி, பைக்குள் சாவியைத் தேடி, மறுபடி கையுறை மாட்டி... பேஜார். சும்மா தொங்கவிட்டால் போதும், போட்டோ தெரிகிறதே என்று விட்டுவிட்டோம். எல்லோருக்கும் இது தெரியும். இன்சார்ஜுக்கும் தெரியும்.

பெட்டிக்கு வெளியே கன்சோலில் உட்கார்ந்து லேசரை ஓட்டுகிறவள் பழையசீவரத்துக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். வாலாஜாபாத்தில் கம்பெனி பஸ் ஏறி என் பக்கத்தில்தான் உட்காருவாள், நான் இடம் பிடித்து வைத்திருப்பேன். கட்டிக் கொடுத்த வீட்டில் அடி தாங்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவள். அண்ணன்மார் இரண்டு பேர். அவர்கள் வைத்த கெடுவை ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்.

"வேலைக்குப் போற வரிக்கும் இங்க இரு, வேலை இல்லன்னா மரியாதையா புருஷன் வூட்டுக்குப் போயிடுன்னு சொல்லிக்கிறானுங்கோக்கா. எங்கம்மா வாயத் தொறக்கல."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? அந்த கன்சோல் சேருதாங்க்கா என் வூடு."

அவள் வேலை போனால் எங்கே போவாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இனி குரங்குக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் குரங்குத் தொல்லை தாங்காது. கொண்டி போட்டுவிட்டுப் போனால் கொண்டியைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அரிசியை இறைத்து, முட்டையை உடைத்து, கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போகும். பூட்டு கட்டாயம் வேண்டும். என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். வீட்டுப் பூட்டைச் சாவியோடு எந்த வயலிலோ தொலைத்துவிட்டு வந்து நின்றார். பெண் காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், பகலில் வீட்டில் ஆளில்லை. புதுப் பூட்டு வாங்கி வாருங்கள் என்றால் இரண்டு நாளாக நாளை, நாளை. முந்தின நாள் அவசரத்தில் என் சிவப்புப் பூட்டு சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. வெளியே கொண்டுவரவே கூடாது, அதற்கும் வேலை போகும். ஆனால் கையில் பூட்டு இருக்கிறது, கூரைமேல் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள்தானே என்று கம்பெனிப் பூட்டை வீட்டுக் கதவில் மாட்டி நன்றாக அமுக்கிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். கம்பெனியில் ஒருநாளும் அமுக்காதவள் குரங்குக்குப் பயந்து அமுக்கினேன்.

அன்று பத்தரை மணி வாக்கில் ஒட்டு இளைத்தது. கண்ணாடி மாற்ற வேண்டும். பெட்டிக் கதவருகே போய்ப் பையில் கை விட்டேன். பூட்டு இல்லை. அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய் இன்சார்ஜிடம் சொன்னால் பூட்டு எங்கே என்பார். இரண்டு நிமிட வேலை, போய்விட்டு வந்துவிடலாம் என்று உள்ளே நுழைந்தேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. என் புத்தி, என் கால்.

நான் போனபோது கன்சோலில் அவள் இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். தகடு ஏற்றுகிற அண்ணன் ஒருவர், ஐம்பது வயதுக்காரர், நான் உள்ளே போவதை மட்டும் பார்த்தார். அவள் திரும்பி வந்து கதவைப் பார்த்திருக்கிறாள். வளையத்தில் பூட்டு இல்லை. அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள்: "அக்கா பூட்டாளா?" நான் வேலை முடித்துப் போய்விட்டேனா என்று கேட்டாள். அவர் காதில் விழுந்தது "பூட்னாளா". பூட்டு மாட்டினாளா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் நான் பூட்டு மாட்டாமல் உள்ளே போனதே இல்லை. அந்த நம்பிக்கையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "பூட்னா, பூட்னா!" என்றார். அவள் காதில் விழுந்தது "பூட்டா, பூட்டா". கதவை மூடும் பட்டனை அமுக்கிவிட்டாள்.

நான் ரோபோவுக்குப் பின்னால் குனிந்து நின்றிருந்தேன். முதுகுப் பக்கம் கதவு இறங்கும் சத்தம். திரும்புவதற்குள் வெளியே தெரிந்த வெளிச்சம் ஒரு கோடாகிப் போய்விட்டது. பஸ்ஸர் கத்தியது. ஆரஞ்சு விளக்கு சுற்றத் தொடங்கியது. கத்தினேன். அந்தப் பெட்டிக்குள் கத்துவது கிணற்றுக்குள் கத்துவதைவிட மோசம், குரல் திரும்பி என்மேலேயே விழுந்தது. இழுத்தால் கதவு திறக்கும் பச்சைப் பிடி ஒன்று உள்ளே உண்டு. பயிற்சியில் பத்துத் தடவை இழுத்துக் காட்டியிருக்கிறேன். அது நினைவுக்கே வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் வழி தெரியாது, திறந்தால் கண் போகும். என் பெண்ணின் முகத்தை இனிமேல் பார்க்க மாட்டேன் என்று மட்டும் தோன்றியது. தூணைத் தடவினேன். கை ஒரு குமிழில் பட்டது. அவசரத்துக்கு மெஷினை நிறுத்தும் சிவப்புக் குமிழ்தான். உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

பஸ்ஸர் நின்றது. ரோபோவில் காற்று இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நான் குமிழை விடாமல் அமுக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் நின்றேன். கதவைத் திறந்து ஆட்கள் வந்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அப்புறம் கேட்டால் நான்கு நிமிடம்கூட இல்லை என்றார்கள். யாருடைய நான்கு நிமிடம்?

முதலில் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தவள் பழையசீவரத்துக்காரிதான். "ஐயோ அக்கா, நீ பூட்டன்னு நெனச்சேனேக்கா!" என்று என் தோளில் அழுதாள். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மத்தியானம் விசாரணை. ஏசி அறையில் இன்சார்ஜும் எச்.ஆர். அம்மாவும் பாதுகாப்பு அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா என்று பார்த்தால் தகட்டைப் பார்க்கிற கேமரா ஏழு இருந்தது, கதவைப் பார்க்கிற கேமரா ஒன்றுகூட இல்லை. கம்பெனி அப்படித்தான். அதனால் வாயால் சொல்வதுதான் சாட்சி. முதல் கேள்வி என்னிடம்தான்.

"பூட்டு மாட்டினீங்களா?"

பூட்டு என் வீட்டுக் கதவில் தொங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "மாட்டினேன்" என்று வந்தது. வந்த பிறகு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "மாட்டினேன் சார், அமுக்கல. எல்லாரையும் போலச் சும்மா தொங்கவிட்டேன்."

தகடு ஏற்றுகிற அண்ணனைத் தனியாகக் கேட்டார்கள். "பூட்னான்னுதான் சொன்னேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், பாவம். என் பொய்க்கு அது சாட்சியாகிவிட்டது. கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள்.

"வளையத்துல பூட்டே இல்ல சார். அந்தண்ணனைக் கேட்டேன், பூட்டான்னு சொன்னாரு."

"அதத்தான நாங்களும் சொல்லுதோம்? பூட்டினான்னுதான சொல்லிருக்காரு?" என்றார் இன்சார்ஜ்.

"பூட்னா இல்ல சார், பூட்டா! பூட்டான்னா போயிட்டான்னு! எங்க ஊர்ல அப்டித்தான் சொல்வோம். அக்கா, நீயாச்சும் சொல்லுக்கா!"

என்னைப் பார்த்தாள். அவளைத் தவிர அந்த அறையில் இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் பூட்டு எங்கே என்று என்னிடம் வரும். குனிந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷூவில் ஒரு பொறி பட்ட ஓட்டை இருந்தது. அதை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

அடுத்தவர் பூட்டைக் கழற்றி வீசிவிட்டாள் என்று முடிவானது. குப்பைத் தொட்டியில் பூட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. எனக்குப் புதுப் பூட்டு கொடுத்தார்கள். அவளை உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரக் கடைசியில் வேலை நீக்கக் கடிதம் வரும் என்றார்கள். எங்கள் லைனில் அந்த வருடம் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். எங்கள் இருவரில் ஒருத்தி. சத்தியமாக நான் அதற்காகப் பொய் சொல்லவில்லை, அது எனக்கு பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குப் பெட்டியைவிட பஸ்தான் பயமாக இருந்தது. வாலாஜாபாத்தில் நிற்கும்போது பக்கத்து இடம் காலியாக இருக்கும். என் கைப்பையை அங்கே வைத்துக்கொண்டேன். யாராவது எடுக்கச் சொன்னால் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்புப் பூட்டைச் சாவியோடு அரிசி டிரம்மில் அடி வரைக்கும் கையை விட்டுப் புதைத்து வைத்தேன். புதுப் பூட்டு வாங்கி வந்தாரா, இல்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கொண்டியைக் கம்பியால் முறுக்கிவிட்டுப் போனேன். ராத்திரி கண்ணை மூடினால் கதவு இறங்கும் சத்தம். "இன்னாம்மே, முகம் ஒரு மாரி கீது?" என்று கேட்டார். "உங்க மூஞ்சியப் பாருங்க முதல்ல" என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் நடந்து வந்தேன். தூரத்திலேயே தெரிந்தது, என் வீட்டு வாசலில் ஒருத்தி நிற்கிறாள். கிட்டே வந்து பார்த்தால் பழையசீவரத்துக்காரி. குழந்தையைத் தூக்கிவரவில்லை, தனியாக வந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவில் என் சிவப்புப் பூட்டு. என் போட்டோவோடு.

என்ன நடந்ததென்றால், வீட்டுக்காரர் பகலில் வந்து உலை வைக்க அரிசி அள்ளியிருக்கிறார். கையில் பூட்டு தட்டுப்பட்டிருக்கிறது. நல்ல பூட்டு, இவள் எதற்கு அரிசியில் போட்டு வைத்திருக்கிறாள் என்று எடுத்துக் கதவில் மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அறுப்புக்குப் போய்விட்டார். என்ன கேட்டாலும் மறக்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து வீட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"மத்தியானம் ஒரு மணி பஸ்ல வந்தேங்க்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "உன் கால்ல வுழுந்தாச்சும் கேக்கலாம்னு வந்தேன். நான் கழட்டலக்கா, நீ மாட்னது எங்கியாச்சும் வுழுந்திருக்கும், அத மட்டும் சார்கிட்ட சொல்லுக்கான்னு கேக்க வந்தேன். வந்து பாத்தா நீயே கதவுல சிரிச்சிக்கினு கீற."

அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். வாழ்க்கையில் எனக்கு நன்றாக விழுந்த ஒரே போட்டோ அது.

"கொரங்கு..." என்றேன். "கொரங்கு வருதுன்னு மாட்னேண்டி."

"கொரங்கா?" என்றாள். "கொரங்குக்கா என்னை அவன் வூட்டுக்கு அனுப்பற?" சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவளைத் தொடக் கை நீட்டினேன், தள்ளிவிட்டாள். உள்ளே வா, தண்ணீர் குடி என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. சாவி எங்கோ ஒரு வயலில் இருந்தது. என் வீட்டு வாசலில், என் பூட்டுக்கு முன்னால், நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். இருட்டுவதற்குள் கடைசி பஸ் என்று அவள் கிளம்பினாள். "உங்கிட்ட இனிமே இன்னா கேக்கறது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிடாமல் கிளம்பினேன். பூட்டையும் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "போய்ச் சொல்லிட்டு வா. கதவுக்கு நான் குந்திக்கினு கீறேன்" என்றார். சில நேரம் மனிதர் சரியாகவும் பேசுவார்.

நேராக இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். பூட்டைக் காட்டினேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, முடிஞ்ச சோலிய எதுக்குக் கிண்டுதிய? ரிப்போர்ட் மேல போயாச்சு. கடிதம் கையெழுத்தாகி நாளைக்குப் போகுது. இப்பப் போய் பொய்யின்னா உங்களுக்கும் வேலை போவும், எனக்கும் தலைவலி. நிரந்தரம் உங்களுக்குத்தான். அத உள்ள வச்சிட்டு பேசாமப் போயி வேலையப் பாருங்க."

நல்ல மனிதர்தான். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். மூன்று நாளாகக் கதவைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடித் திறந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போ உள்ளே என்கிறார். எனக்கு வந்ததே கோபம்.

விடுவிடுவென்று நடந்தேன். பெட்டியின் கதவு திறந்திருந்தது, தகடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இல்லை. வளையத்தில் என் பழைய சிவப்புப் பூட்டை மாட்டினேன். அமுக்கினேன். 'டிக்' என்றது. மூன்று வருடத்தில் அந்த வளையத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. சாவியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

லைன் நின்றது. பத்து நிமிடத்தில் பிரஸ்ஸும் நின்றது, போட அதற்குத் தகடு இல்லை. அவ்வளவு நாளும் ஓயாத இடத்தில் காகம் கத்துவது கேட்டது. தகடு ஏற்றுகிற அண்ணன் காதுத் தக்கையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா ஆச்சி?" என்றார். "ஒண்ணும் இல்லண்ணா, பூட்னேன்" என்றேன்.

இன்சார்ஜ் கெஞ்சினார். எச்.ஆர். அம்மா மிரட்டினார். பாதுகாப்பு அதிகாரி சாவியைக் கேட்டார். "ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடக் கூடாது சார். பிளான்ட் ஹெட் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வெட்டணும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்றேன். வாய் என்னவோ கணீரென்று பேசியது. சாவியை மட்டும் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து பிளான்ட் ஹெட் வந்தார். அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பூட்டைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொன்னேன். வீட்டுக் கதவு, குரங்கு, பூட்டு இல்லாமல் உள்ளே போனது, மாட்டினேன் என்று சொன்னது, எல்லாம். பூட்டாவுக்கும் பூட்னாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினேன். நூறு பேர் சுற்றி நின்றார்கள். "அந்தப் பொண்ணு என் பூட்டைத் தொடல சார். அவ கேட்டா. ஆள் போயிட்டாளான்னு கேட்டுத்தான் மூடினா. பூட்டு மாட்டாம உள்ள போனது நான்."

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். ஒரு தகட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் பூட்டைத் திறந்தேன். பூட்டையும் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். போட்டோ அட்டையை மட்டும் கழற்றி என்னிடமே கொடுத்தார்கள்.

பகல் பன்னிரண்டு மணி. இரண்டு காவலாளிகள் என்னை கேட் வரை கொண்டுபோய் விட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. அந்த நேரத்தில் கம்பெனி பஸ் கிடையாது, ரோடு வரை நடக்க வேண்டும். செல்போனை எடுத்து அவளுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் பெயரைப் பார்த்தால் நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். பரவாயில்லை, கம்பெனி கூப்பிடும், அதை எடுப்பாள். மறு திங்கட்கிழமை அவள் கன்சோலில் உட்கார்ந்துவிட்டதாகத் தகடு ஏற்றுகிற அண்ணன்தான் எனக்குச் சொன்னார்.

அன்று கேட்டைத் தாண்டி நாலடி வைத்ததும் பின்னால் காவலாளியின் வாக்கி டாக்கி கரகரத்தது. இன்சார்ஜின் குரல்: "அந்தம்மா என்ன ஆச்சு?"

காவலாளி எங்கள் பக்கத்து ஆள். "பூட்டாங்க சார்" என்றார்.

இன்சார்ஜ் பதறிப்போய்க் கேட்டார்: "மறுபடியும் எதைப் பூட்டினாங்க?"

"இல்ல சார், இல்ல சார்" என்றார் காவலாளி. "வெளிய போயிட்டாங்க."